பத்துத் தோட்டா, பதினோரு ஓசை

பிட்டர் வெல், அரிசோனா
மார்ச் 3, 2019

மதினிக்கு,

சங்கத்து ஓப்பல் வாயால் கேள்விப்படுவதற்கு முன்னால் நானே சொல்லிவிடுகிறேன். பிப்ரவரி மாசத் துப்பாக்கி சுடும் ஆட்டத்தில், ஐந்தாவது சுற்றில், என் கால்சட்டை அவிழ்ந்து கணுக்காலில் விழுந்துவிட்டது.

நூற்றைம்பது வருஷத்துக்கு முந்தைய கௌபாய் உடுப்புதான் போட வேண்டும் என்று நம் சங்கத்தில் கெடுபிடி இருக்கிறதே, அதனால் பெல்ட்டுக்குப் பதில் தோள்வார். அதன் பொத்தான் இரண்டும் ஒரே நேரத்தில் தெறித்தன. கையில் தோட்டா ஏறிய துப்பாக்கி. முனை இலக்கை விட்டுத் திரும்பினால் அன்றைய ஆட்டமே போச்சு. எனவே குனியவும் வழியில்லை, பிடிக்கவும் கையில்லை. மிச்சமிருந்த ஏழு தோட்டாவையும் உள்ளாடையோடு நின்றே சுட்டு முடித்தேன். ஏழும் இலக்கின் இரும்புத் தகட்டில் பட்டன, அதையும் எழுதிக்கொள்ளுங்கள். பின்னாலிருந்து ஹப் கத்தினான்: "டேய் லாடம், இலக்கு முன்னாடியா பின்னாடியாடா? இங்க ரெண்டு பெருசா தெரியுதே!"

சிரித்திருந்தால் மேலே படியுங்கள். சிரிக்காவிட்டாலும் படியுங்கள், தாள் வீணாகக்கூடாது.

பதினான்கு மாசம் ஆயிற்று மதினி. நான் ஆறாம் வகுப்போடு நின்று குதிரைக்கு லாடம் அடிக்கப் போனவன், எழுதாததற்குச் சாக்கு இருக்கிறது. பள்ளி நூலகத்தில் இருபது வருஷம் உட்கார்ந்திருந்த உங்களுக்கு என்ன சாக்கு? சரி, விடுங்கள். நீங்கள் கோபமாக இருக்கிறீர்கள். அண்ணனைப் புதைத்த அன்று என்னிடம் நீங்கள் சொன்னது ஒரே வரிதான். அதை நான் இங்கே திருப்பி எழுதப் போவதில்லை.

விஷயத்துக்கு வருகிறேன். என் துப்பாக்கி, அந்த 1892 மாடல் தொண்ணூற்றிரண்டு, வண்டியின் பின்பலகையிலிருந்து விழுந்து கட்டைப்பிடி கழுத்தோடு முறிந்துவிட்டது. தப்பு என்னுடையது, அதைக் கிடத்திவிட்டு வண்டியை எடுத்தவன் நான்தான். அக்டோபரில் பெரிய ஆட்டம். அண்ணனின் துப்பாக்கி இரண்டையும், எழுபத்து மூன்றையும் தொண்ணூற்று நான்கையும், மொன்டானாவில் யாருக்கோ கொடுத்துவிடப் போகிறீர்கள் என்று கேள்வி. கொடுப்பதாயிருந்தால் ஒன்றை எனக்குக் கொடுங்கள். தொண்ணூற்று நான்கைக் கொடுங்கள் போதும்.

எழுபத்து மூன்று வேண்டாம்.

என் வீட்டுக்காரி ட்வைலா உங்களைக் கேட்டதாகச் சொல்லச் சொன்னாள். அவளுடைய பீன்ஸ் இப்போதும் அப்படியேதான் இருக்கிறது. நான் உயிரோடிருப்பது என் திடத்தால்.

உங்கள் கொழுந்தன்,
ராய்ஸ்

•

லூயிஸ்டவுன், மொன்டானா
மார்ச் 19, 2019

ராய்ஸ்,

உன் கால்சட்டைக் கதையை ஓப்பல் மூன்று வாரத்துக்கு முன்பே தொலைபேசியில் சொல்லிவிட்டாள். அவள் கணக்கில் பொத்தான் மூன்று.

இரண்டு துப்பாக்கியும் என் தங்கை வீட்டு அலமாரியில், எண்ணெய்த் துணி சுற்றி இருக்கின்றன. யாருக்குக் கொடுப்பதென்று நான் இன்னும் முடிவு செய்யவில்லை.

ஒன்று எனக்குப் புரியவில்லை. பத்தொன்பது வருஷம் எழுபத்து மூன்றின்மேல் கண்ணாக இருந்தவன் நீ. அவர் அதைத் துடைக்கும்போதெல்லாம் பக்கத்தில் உட்கார்ந்து, "அண்ணே, நீ செத்தா இது எனக்குத்தான்" என்று கேலி பேசியதை நான் சமையலறையிலிருந்து கேட்டிருக்கிறேன். இப்போது அவர் இல்லை. நீ அதை வேண்டாம் என்கிறாய். தொண்ணூற்று நான்கு உன் கைக்கு ஒருநாளும் ஒத்துவந்ததில்லை. அதைப் 'பிடிவாதக் கழுதை' என்றவனே நீதான்.

காரணம் எழுது. வேடிக்கைப் பேச்சு வேண்டாம். துப்பாக்கியின் உள்ளே என்ன இருக்கிறது, ஏன் ஒன்று, ஏன் மற்றொன்று இல்லை என்று எழுது. சரியான காரணமாயிருந்தால் தருகிறேன்.

நடீன்

•

பிட்டர் வெல்
ஏப்ரல் 7, 2019

மதினிக்கு,

பரீட்சை வைத்துவிட்டீர்கள். ஆறாம் வகுப்பிலும் இதற்குப் பயந்துதான் ஓடினேன். பரவாயில்லை, இது எனக்குத் தெரிந்த பாடம்.

எழுபத்து மூன்றின் வயிற்றில், மனுஷன் முழங்கை மாதிரி, இரண்டு பக்கமும் மடங்கி நிமிரும் இணைப்பு இருக்கிறது. விசைக்குக் கீழே இருக்கும் லீவரை இறக்கினால் முழங்கை மடங்கும், ஏற்றினால் நிமிரும். தோட்டாவைத் தூக்கும் பித்தளைக் கட்டை, கிணற்றில் வாளி வருகிற மாதிரி நேராக மேலே வரும். சாய்வில்லை, இடிப்பில்லை. அதனால்தான் வெண்ணெயில் கத்தி இறங்குகிற மாதிரி ஓடும். ஆனால் முழங்கைக்கு உள்ள பலம்தான் அதற்கும், வெடிமருந்து அதிகமான தோட்டாவைத் தாங்காது. தோட்டாவின் நீளமும் சொன்ன அளவில் இருக்க வேண்டும். கொஞ்சம் குட்டையாகப் போனாலும் வாளி பாதியில் நிற்கும். சுட்ட தோட்டாவின் காலிக் கூட்டை நேராக மேலே எறியும். அண்ணனின் தொப்பி விளிம்பில் எப்போதும் ஒன்று கிடக்குமே, அது அப்படி விழுந்ததுதான்.

என் தொண்ணூற்றிரண்டு வேறு சாதி. இரண்டு தடித்த பூட்டு, மேலும் கீழுமாக ஏறிப் பூட்டும். ஒல்லி, லேசு, எதையும் தாங்கும். ஆனால் ஓட்டம் கொஞ்சம் முரடு. அவசரப்படுத்தினால் கையோடு மல்லுக்கு நிற்கும்.

தொண்ணூற்று நான்கின் மேல்பக்கம் மூடியிருக்கும், கூடு பக்கவாட்டில் போகும், முகத்தில் விழாது. பாகங்கள் குறைவு, ஒரு திருகைக் கழற்றினால் குடல் முழுக்கக் கையில் வந்துவிடும், துடைக்கச் சுலபம். நான் பிடிவாதக் கழுதை என்றது உண்மைதான். தூக்குகிற நாக்கு தேய்ந்துவிட்டால் இரண்டாவது தோட்டா அதன் அடியில் புகுந்துகொள்ளும். அப்புறம் லீவர் மேலேயும் வராது கீழேயும் போகாது. ஆட்டம் முடிந்தது, தொப்பியைக் கழற்றிவிட்டு பீன்ஸ் சாப்பிடப் போகலாம். ஆனால் அந்த நாக்கை நான் அரத்தால் சரிசெய்துவிடுவேன். இரும்பு என் பேச்சைக் கேட்கும்.

ஆக, எனக்கு வயசாகிறது, துடைக்கச் சுலபமானது போதும். இதுதான் காரணம்.

மேலே எழுதியதைப் படித்துப் பார்த்தேன். ஒவ்வொரு வரியும் உண்மை. மொத்தமும் பொய்.

சங்கத்தில் ஒருவர் போய்விட்டால், அடுத்த ஆட்டத்தன்று அவருடைய துப்பாக்கியில் பத்துத் தோட்டா போட்டு உறவுக்காரர் ஒருவர் சுட வேண்டும் என்ற வழக்கம் உங்களுக்குத் தெரியும். கடிகாரம் ஓடாது. யாரும் எண்ணக் கூடாது. போன வருஷம் ஜனவரியில் அண்ணனுக்காக எழுபத்து மூன்றால் சுட்டவன் நான். நீங்கள் வரவில்லை, வீட்டில் சாமான் கட்டிக்கொண்டிருந்தீர்கள்.

எண்ணக் கூடாது என்றால் எண்ணாமல் இருக்க முடியுமா? பத்தொன்பது வருஷம் எண்ணிய காது. பத்துத் தோட்டாவை மேசையில் வரிசையாக வைத்து, நானே எண்ணிப் போட்டேன். பத்து முறை சுட்டேன். லீவரை இறக்கினேன், உள்ளே காலி. துப்பாக்கியைக் கீழே வைத்தேன். அப்புறம், மதினி, தகட்டில் இன்னொரு முறை 'டங்' என்றது.

சீமைக்கருவேல மரத்தில் காற்றில்லை. ஹப் தொப்பியை மார்பில் வைத்துக்கொண்டு நின்றான். நான் அவன் முகத்தைப் பார்த்தேன். அவன் தரையைப் பார்த்தான். அன்றிலிருந்து நாங்கள் அதைப் பற்றிப் பேசியதில்லை.

அதனால்தான் எழுபத்து மூன்று வேண்டாம்.

ராய்ஸ்

•

லூயிஸ்டவுன்
ஏப்ரல் 26, 2019

ராய்ஸ்,

உன் கேலி பொறுக்கமுடியாமல் உன் முதலாளிகளே உன்னைத் துரத்தியிருக்கிறார்கள். குதிரைகள் மட்டும்தான் உன்னைச் சகித்துக்கொள்ளும், அவற்றுக்குப் பாஷை தெரியாது. செத்த மனிதனை வைத்து நீ விளையாட மாட்டாய் என்று நினைத்திருந்தேன்.

கடிதத்தைக் கிழிக்கத்தான் போனேன். கிழிக்கவில்லை.

ஞாயிற்றுக்கிழமை மதியம் எழுபத்து மூன்றை எடுத்துக்கொண்டு ஊருக்கு வெளியே சரளைக்கல் பள்ளத்துக்குப் போனேன். தங்கை கணவரின் இரும்புத் தகடு ஒன்று அங்கே சங்கிலியில் தொங்குகிறது. சுடும் ஓசையை எண்ணும் என் பழைய கடிகாரத்தையும் கொண்டுபோனேன். பத்துத் தோட்டா போட்டேன். கடிகாரம் பத்து என்று காட்டியது. இதற்குமேல் எழுத எனக்கு ஒன்றுமில்லை.

இப்போது நீ எனக்குப் பதில் சொல். அவர் கடைசியாகச் சுட்ட அந்த அக்டோபர் ஆட்டத்தின் கடைசிச் சுற்று முடிந்ததும், துப்பாக்கியைக் காலி செய்யும் மேசைக்கு அவர் போனார். நீ பக்கத்தில் போனாய். அவர் உன்னிடம் என்னவோ கேட்டார். நீ பதில் சொன்னாய். நான் கடிகாரத்தோடு இருபது அடி தள்ளி நின்றேன், காதில் அடைப்பு. அவர் உதடு அசைந்தது மட்டும் தெரிந்தது. அதற்குப் பிறகு ஆறு வாரம் அவர் உன்னோடு பேசவில்லை. சாகும் நாளில் தண்ணீர்த் தொட்டிக்குப் பக்கத்தில் விழுந்து கிடந்தபோதும் பேசவில்லை.

என்ன கேட்டார்? நீ என்ன சொன்னாய்? அதை எழுது. எழுதாவிட்டால் எதுவும் வராது, தொண்ணூற்று நான்கும் வராது.

நடீன்

•

பிட்டர் வெல்
மே 12, 2019

மதினிக்கு,

இந்தக் கடிதத்தை நாலு தடவை எழுதினேன். முதல் மூன்றிலும் நகைச்சுவை இருந்தது. ட்வைலா படித்துவிட்டு, "இத அனுப்புனா அவ சாகுற வரைக்கும் உன்ன மன்னிக்கமாட்டா, நானும்தான்" என்றாள். அடுப்பில் போட்டாள்.

அன்றைக்கு அண்ணன் ஐந்து சுற்று முடித்திருந்தார். ஒரு தோட்டாகூடத் தப்பவில்லை. பத்தொன்பது வருஷத்தில் அவருக்கு ஒரு சுத்த ஆட்டம்கூட அமைந்ததில்லை. வருஷா வருஷம் விருந்தில் யாரோ ஒருவர் தொப்பியில் சுத்த ஆட்டத்துக்கான அந்தச் சின்ன வெள்ளி வில்லையைக் குத்துவார்கள், அண்ணன் எல்லாரையும்விட அதிகமாகக் கை தட்டுவார். அவருக்குச் சங்கத்தில் நாங்கள் வைத்த பெயரே 'தாமதத் தபால்'. நிதானமாகச் சுடுவார், நிச்சயமாகச் சுடுவார், ஆனால் எங்கேயாவது ஒன்று வழிதவறும்.

ஆறாவது சுற்று. தபால் வண்டி நிலையம் மாதிரி பலகையில் செட் போட்டிருந்தோம். சுடுகிறவர் ஜன்னலில் நின்று சத்தமாக "தபால் வந்துச்சா?" என்று கேட்க வேண்டும். அந்த வசனம் சொன்னால்தான் நீங்கள் கடிகாரத்தை அமுக்குவீர்கள். அண்ணன் கேட்டார். கூட்டமே "இன்னும் இல்ல!" என்று கத்தியது. கைத்துப்பாக்கி முடிந்து கடைசியாக எழுபத்து மூன்று. பத்துத் தோட்டா.

எண்ணுகிறவர்கள் மூன்று பேர். ஓப்பல், ஹப், நான்.

ஒன்பது வரைக்கும் எண்ணினேன், மதினி. ஒன்பதும் பட்டன. பத்தாவதை அவர் சுடும்போது நான் தகட்டைப் பார்க்கவில்லை. ஹப்பைப் பார்த்து, இப்போது 'ஒன்று தவறு' என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டினால் நம் கிழட்டு அண்ணன் எப்படிக் குதிப்பார் என்று நினைத்துச் சிரித்துக்கொண்டிருந்தேன். தகடு அடித்ததா இல்லையா என்று எனக்குத் தெரியாது. சிரிப்பில் கேட்கவில்லை. சந்தேகம் வந்தால் சுட்டவருக்குச் சாதகமாகச் சொல்ல வேண்டும் என்பதுதான் நம் முதல் சட்டம். குழந்தைக்குக்கூடத் தெரியும்.

நான் ஒரு விரலைத் தூக்கினேன். வேடிக்கைக்கு. ஒரு மூச்சு நேரம் வைத்திருந்துவிட்டு முஷ்டியாக மூடிவிடலாம் என்றுதான்.

ஓப்பல் முஷ்டி காட்டினாள், சுத்தம் என்று. ஹப் என் விரலைப் பார்த்தான், அவனும் ஒரு விரலைத் தூக்கினான். மூன்றில் இரண்டு. நீங்கள் சத்தமாக "ஒன்று தவறு" என்று சொல்லிவிட்டீர்கள், ஓப்பலின் கணவர் எழுதிவிட்டார். எல்லாம் நான் வாயைத் திறப்பதற்குள். அப்புறம் "இல்லை, சும்மா சொன்னேன்" என்றால் என்ன ஆகும்? தம்பி அண்ணனுக்காகக் கணக்கை மாற்றுகிறான் என்று ஊரே பேசும், அந்த வில்லைக்கு மரியாதை இருக்காது. இப்படி எனக்கு நானே சொல்லிக்கொண்டேன். உண்மையில் பயம்தான்.

காலி செய்யும் மேசையில் அவர் கேட்டார்: "டேய் ராய்ஸு, நெசமாவே தப்பிருச்சாடா? எனக்கு ஓசை கேட்ட மாதிரி இருந்துச்சு."

நான் சொன்னேன்: "தப்பிருச்சுண்ணே. பாத்தேன்."

பார்த்தேன் என்று சொன்னேன். அந்த ஒரு வார்த்தைதான்.

அவர் என் முகத்தையே பார்த்தார். நாற்பத்தெட்டு வருஷம் தெரிந்த முகம், பொய் தெரியாமல் இருக்குமா?  துப்பாக்கியை உறையில் போட்டார். போய்விட்டார்.

இப்போது பட்டறையில் லாடத்தை அடிக்கும்போதெல்லாம் விசில் அடிக்கிறேன். "ராய்ஸ் எப்பவும் குஷிதான்" என்கிறார்கள் குதிரைக்காரர்கள். விசில் அடித்தால் சம்மட்டி எத்தனை முறை விழுந்தது என்று எண்ண முடியாது. எண்ணினால் ஒன்று கூடுதலாக வருகிறது. அதற்காகத்தான்.

எந்தத் துப்பாக்கியும் வேண்டாம், மதினி. நீங்கள் கேட்டதைச் சொல்லிவிட்டேன்.

ராய்ஸ்

•

லூயிஸ்டவுன்
ஜூன் 30, 2019

ராய்ஸ்,

ஏழு வாரம் பதில் எழுதவில்லை. உன்னைத் தண்டிக்க அல்ல. முதல் வாரம் மட்டும் அதற்காக.

பொறாமையில்தான் நீ விரலைத் தூக்கினாய் என்று இத்தனை நாள் நினைத்திருந்தேன். "உன்னால் அவர் சந்தோஷத்தை ஒரு நாள்கூடப் பார்க்கச் சகிக்கவில்லை." புதைத்த அன்று நான் சொன்ன வரி இதுதானே, நீ எழுதத் துணியாதது. அதைத் திரும்ப எடுத்துக்கொள்கிறேன். பொறாமையென்றால் மன்னிப்பது சுலபமாக இருந்திருக்கும். வேடிக்கைக்கு என்பது கஷ்டமாக இருக்கிறது. ஆனால் உண்மைக்குப் பக்கத்தில் உட்காரப் பழகிக்கொள்ளலாம்.

இப்போது என் முறை. கடிகாரம் வைத்திருப்பவருக்கு எண்ணும் உரிமை இல்லை. அதனால் நான் வாய் திறக்கவில்லை. ஆனால் அவருடைய தோளுக்குப் பின்னால் மூன்றடியில் நின்றவள் நான். காதில் அடைப்பு இருந்தும் பத்தாவது ஓசை கேட்டது. கேட்டது, ராய்ஸ். "மறுபடி யோசித்துப் பாருங்கள்" என்று எண்ணுகிறவர்களிடம் நான் கேட்டிருக்கலாம், அதற்குச் சட்டம் இடம் கொடுக்கிறது. பெண்டாட்டி புருஷனுக்குச் சலுகை காட்டுகிறாள் என்று சொல்வார்களே என்று கேட்கவில்லை. என் வாயால்தான் "ஒன்று தவறு" என்றேன். வீட்டுக்குப் போகும் வழியில் அவர் வண்டியை ஓட்டிக்கொண்டே, "நடீன், ஒனக்குக் கேட்டுச்சா?" என்றார். நான் "காதுல அடைப்பு இருந்துச்சே" என்றேன்.

உன் பொய்க்கு ஒரு வார்த்தை ஆயிற்று. எனக்கு மூன்று ஆயிற்று.

சரளைப் பள்ளத்தில் கடிகாரம் பத்து என்று காட்டியதாக எழுதினேன். அது நிஜம். அந்தக் கடிகாரம் துப்பாக்கி வெடிப்பதைத்தான் எண்ணும், தகட்டை எண்ணாது. தகட்டை நான் எண்ணினேன். பதினொன்று. துப்பாக்கியை மடியில் வைத்துக்கொண்டு தரையில் உட்கார்ந்துவிட்டேன். சங்கிலி ஆடிக்கொண்டிருந்தது.

எழுபத்து மூன்றை அனுப்புகிறேன். தொண்ணூற்று நான்கை என் தங்கை கணவருக்குக் கொடுத்துவிட்டேன், அவர் துடைக்கச் சுலபமானதைத் தேடுகிற ஆள். உங்கள் ஊர்த் துப்பாக்கிக் கடைக்கு வரும், கையெழுத்துப் போட்டு வாங்கிக்கொள். தோட்டா நீளம் அவருடைய நோட்டில் இருக்கிறது, நோட்டையும் வைத்திருக்கிறேன்.

அக்டோபரில் இதைத்தான் சுடுகிறாய். ஆறாவது சுற்றைத் தபால் நிலையமாகவே வைக்கச் சொல்லி ஓப்பலிடம் பேசிவிட்டேன். விருந்தில் எழுந்து எல்லார் முன்னாலும் உண்மையைச் சொல். என் பங்கையும் சேர்த்துச் சொல். நான் வரமாட்டேன். அந்த வெளியில் நின்று எண்ணாமல் இருக்க என்னால் முடியாது.

நடீன்

•

பிட்டர் வெல்
அக்டோபர் 21, 2019

மதினிக்கு,

ஆட்டம் முடிந்து இரண்டு நாள் ஆகிறது. நடந்ததை நடந்த வரிசையிலேயே எழுதுகிறேன்.

எழுபத்து மூன்று என் கைக்கு வந்த ஜூலையிலிருந்து அக்டோபர் வரை ஒருமுறைகூடத் தோட்டா போட்டுச் சுடவில்லை. வெறும் லீவரை ஓட்டிப் பழகினேன். சமையலறையில் ட்வைலா, "அந்தச் சத்தத்த நிறுத்துறியா, இல்ல பீன்ஸ மூஞ்சில ஊத்தவா?" என்றாள். புதிய பொத்தான் ஆறு தைத்துக் கொடுத்தவளும் அவள்தான்.

ஐந்து சுற்று சுட்டேன். ஒன்றும் தப்பவில்லை. மூன்றாவது சுற்றில் காலிக் கூடு ஒன்று என் தொப்பி விளிம்பில் விழுந்து நின்றது. எடுக்கவில்லை. கூட்டத்தில் சத்தம் குறைந்துகொண்டே வந்தது. ஹப்கூட என்னைக் கேலி செய்வதை நிறுத்திவிட்டான்.

ஆறாவது சுற்று. தோட்டா போடும் மேசையில் பத்தை எண்ணிப் போட்டேன். பக்கத்தில் நின்று ஓப்பலின் கணவரும் எண்ணினார். எண்ணுகிறவர்கள் ஓப்பல், ஹப், டூசானிலிருந்து வந்த ஒரு புது ஆள். கடிகாரம் வேறொரு அம்மாள் கையில். ஜன்னலில் நின்றேன்.  அந்த அம்மாள் காத்திருந்தாள். அப்புறம் கேட்டேன்: "தபால் வந்துச்சா?"

பழைய ஆட்கள் "இன்னும் இல்ல" என்று கத்த வேண்டும். ஒருவரும் கத்தவில்லை.

கைத்துப்பாக்கி பத்தும் பட்டன. எழுபத்து மூன்றை எடுத்தேன். அது எப்படி ஓடும் என்று உங்களுக்குத் தெரியும். ஓடவைக்கவே வேண்டாம், நாம் கூடவே போனால் போதும். நாலாவது தோட்டாவில் அவசரப்பட்டு லீவரை இரண்டு தடவை இறக்கிவிட்டேன். சுடாத தோட்டா ஒன்று முழுசாக மேலே பறந்து, என் கண் முன்னால் சுற்றி, தரையில் விழுந்தது. தப்பு என்னுடையது, துப்பாக்கியுடையது அல்ல. நான் நிறுத்தவில்லை. மிச்சத்தைச் சுட்டேன். துப்பாக்கியைக் கீழே வைத்தேன்.

மூன்று பேரும் முஷ்டி காட்டினார்கள். சுத்தம்.

கூட்டம் தொப்பியைத் தூக்கி எறிந்தது. யாரோ என் முதுகில் அடித்தார்கள். நான் கையைத் தூக்கி எல்லாரையும் நிறுத்தினேன். தரையில் குனிந்து தேடினேன். காலிக் கூடு ஒன்பது. முழுத் தோட்டா ஒன்று. உள்ளங்கையில் வைத்துக் காட்டினேன். "ஒம்போதுதான் சுட்டேன். ஒன்னு தவறு. எழுதிக்கங்க."

ஹப் முகம் வெளுத்துப்போனது. "டேய், பத்து தடவ அடிச்சுதுடா. நான் எண்ணுனேன்" என்றான். டூசான்காரர் தலையை ஆட்டினார். ஓப்பல் மெதுவாகச் சொன்னாள்: "பத்து. கடைசி மட்டும் கொஞ்சம் தாமதமா வந்துச்சு." அந்த அம்மாள் கடிகாரத்தைத் திருப்பிக் காட்டினாள். கைத்துப்பாக்கி பத்து, துப்பாக்கி ஒன்பது, மொத்தம் பத்தொன்பது வெடி. தகட்டில் இருபது ஓசை. யாரும் யாரையும் பார்க்கவில்லை.

எனக்குக் கேட்டதா என்று நீங்கள் கேட்பீர்கள். கேட்டது. நல்ல நடுத் தகட்டில், நிதானமாக.

என் பெயருக்கு நேரே ஒன்று தவறு என்று எழுதினார்கள். எழுதும்வரை பக்கத்திலேயே நின்றேன்.

விருந்தில் எழுந்து சொன்னேன். விரலைப் பற்றி, மேசையில் சொன்ன வார்த்தையைப் பற்றி, உங்கள் பங்கைப் பற்றி. ஹப் தட்டைத் தள்ளிவிட்டு, "நான் அன்னிக்கு ஒன் வெரலப் பாத்துத்தான்டா தூக்குனேன். கண்ணுல மண்ணு" என்றான். ஓப்பல், "அப்ப மூணு பேருல நான் ஒருத்திதான் தகட்டப் பாத்தேன். நான் சொன்னத எவனும் கேக்கல" என்றாள். அவள் அழவில்லை, கோபம்தான். இரண்டு வருஷத்துக் கோபம். அந்தக் கோபம் எனக்கு வேண்டியிருந்தது.

முடிந்த ஆட்டத்தின் கணக்கைத் திருத்தச் சட்டம் இல்லை. அண்ணனுக்கு வில்லை கிடையாது. எனக்கும் கிடையாது. நேற்று காலை பட்டறையில் விசில் அடிக்காமல் ஒரு கோவேறு கழுதைக்கு நாலு லாடம் அடித்தேன். எண்ணினேன். சம்மட்டி விழுந்த அளவுக்குத்தான் ஓசை வந்தது. அதற்கு மேல் வரவில்லை. கொஞ்ச நேரம் காத்திருந்துகூடப் பார்த்தேன். வராதது நிம்மதியா, இல்லை வேறு ஏதாவதா என்று என் ஆறாம் வகுப்புப் படிப்புக்குச் சொல்லத் தெரியவில்லை. அடுத்த தடவை நீங்கள் பிட்டர் வெல்லுக்கு வந்து சொல்லுங்கள். பீன்ஸை நான் தடுத்துவிடுகிறேன்.

அந்தச் சுடாத தோட்டா உங்களுக்குச் சேர வேண்டியது. இந்தக் கடிதத்துக்குள் பஞ்சு சுற்றி வைத்திருக்கிறேன்.

உங்கள் கொழுந்தன்,
ராய்ஸ்

பின்குறிப்பு: தபால் அலுவலகத்திலிருந்து எழுதுகிறேன். தோட்டாவைத் தபாலில் அனுப்பக் கூடாதாம். உள்ளே என்ன உருளுகிறது என்று அந்தப் பெண் கேட்டாள், சொன்னேன். எல்லாரையும் வெளியே வாசலில் நிற்கவைத்து, ஷெரிஃபின் ஆள் வரும்வரை முக்கால் மணி நேரம் கதவைப் பூட்டிவைத்தார்கள். அவர் தோட்டாவை வாங்கிக்கொண்டார். ஒரு படிவம் கொடுத்தார். 'எண்ணிக்கை' என்ற கட்டத்தில் என்ன எழுதுவது என்று கேட்டேன். ஒன்று என்று எழுதச் சொன்னார். எழுதிக் கையெழுத்துப் போட்டேன்.